சேம் சைடு கோலுக்கு முந்தின இருபது நொடி

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ஃபுட்பால் பார்க்கிற எல்லோர் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது. பந்து வருகிறது, கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் காலில் படுகிறது, சொந்த வலைக்குள் போகிறது. அதற்கு ஒரு பாட்டு வேறு போட்டு, ஸ்டேட்டஸ் வைத்து அந்தத் தம்பியைக் கிழித்துக்கொண்டே இருக்கிறீர்கள். "விலை போயிட்டான்" என்று எழுதினவர்களில் நான் மதிக்கிற சீனியர் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவன் அவன் மட்டும்தான். அதனால்தான் பந்து அவன் காலில் பட்டது.

வீடியோவை வெட்டினவர் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் போட்ட பந்து, கிளம்பின இடத்திலிருந்து வெட்டியிருக்கிறார். அதற்கு முந்தின இருபது நொடியைப் பாருங்கள். நம்ம டீமுக்கு த்ரோ. எறிய, பின்வரிசையில் வலது ஓரத்தைக் காக்கிற ரைட் பேக் மேலே போனார், அதில் தப்பில்லை. அவர் விட்டுப்போன இடத்துக்கு மிட்ஃபீல்டில் ஒருவர் இறங்கியிருக்கணும், யாரும் இறங்கவில்லை. பந்து பறிபோனது. பறித்தவன் கிட்டே ஒருத்தரும் போகவில்லை. அவன் தலையைத் தூக்கிப் பார்த்து, நிதானமாக அந்தக் காலி இடத்துக்கு நீளப் பந்து போட்டான். பந்து வைத்திருப்பவனை யாரும் நெருக்காதபோது பின்வரிசை மேலேயே நிற்கக் கூடாது, உடனே திரும்பி ஓடணும். ஓடினது இரண்டு ஸ்டாப்பர்கள் மட்டும். ஒருவர் விங்கில் ஓடினவனைப் பிடிக்கப் போனார், இவன் நடுவில் தனியாக ஓடினான். லெஃப்ட் பேக் உள்ளே வந்து இவன் முதுகை மூடியிருக்கணும். அவர் வீடியோவின் ஓரத்தில் நடந்து வருகிறார், நீங்களே பாருங்கள். கீப்பர் கோல் கோட்டிலிருந்து அசையவில்லை. கிராஸ் கோலுக்கு முன்னால் இருக்கிற சின்ன பாக்ஸுக்குக் குறுக்கே தரையோடு வந்தது. இவனுக்குப் பின்னால் ஒரே எட்டில் அவர்களுடைய ஃபார்வர்ட்.

"வெளியே அடிச்சிருக்கலாமே" என்கிறீர்கள். சொந்த கோலைப் பார்த்து முழு வேகத்தில் ஓடுகிறவன் எப்படி வெளியே அடிப்பான்? இடுப்பைத் திருப்பி, பந்துக்குக் கிட்டே இருக்கிற காலால் வந்த பக்கமே திருப்பி அடிக்கணும், இல்லையென்றால் கார்னருக்குத் தள்ளணும். இரண்டுக்கும் கடைசி இரண்டு எட்டைக் குறுக்கி வைத்து உடம்பை நிறுத்த வேண்டும். அதற்கு நேரம் இல்லை. தரையும் வெயிலில் காய்ந்த கட்டாந்தரை. கடைசி குத்தில் பந்து எகிறி, பாதத்தில் பட வேண்டியது முழங்காலுக்குக் கீழே பட்டதை நிறுத்திப் பார்த்தால் தெரியும். அந்த எலும்பை வைத்து யாராலும் குறி பார்த்து அடிக்க முடியாது.

சரி, தொடாமல் விட்டிருந்தால்? பின்னால் வந்தவன் காலி கோலில் தட்டி விட்டிருப்பான். ஸ்கோர் அதேதான். அப்போது எல்லோரும் கீப்பரைத் திட்டியிருப்பீர்கள், இவன் பேர் யார் வாயிலும் வந்திருக்காது. தப்பித்துக்கொள்ள நினைத்தவன் காலை நீட்டியிருக்க மாட்டான். இவன் நீட்டினான். அந்த நேரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவன் அவன் மட்டும்தான்.

"ஸ்டாப்பர்னா வாய் திறந்து கத்தணும், இவன் ஊமை மாதிரி ஆடுறான்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அது நியாயம். லெஃப்ட் பேக்கை உள்ளே கூப்பிட்டிருக்கணும். ஆனால் முழு மைதானமும் தெரிகிற இடத்தில் நின்ற கீப்பர் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கவில்லையே.

2006 உலகக் கோப்பையை இத்தாலி ஜெயித்தது. அந்தத் தொடர் முழுக்க அவர்கள் வாங்கினது இரண்டே கோல். ஒன்று ஃபைனலில் ஜிதான் அடித்த பெனால்டி. இன்னொன்று அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜக்கார்டோ போட்ட சேம் சைடு கோல். உலகத்திலேயே நல்ல பின்வரிசைக்கும் அது நடக்கும், ஏனென்றால் பந்து வருகிற வழியில் நிற்பதுதான் அவர்கள் வேலை. அந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினது அதே பின்வரிசையின் கேப்டன் கன்னவாரோ. உயரம் 1.76 மீட்டர். உயரம் போதாது என்று செலக்ஷனில் பையன்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கணும். 1956-ல் தொடங்கின அந்த விருதை டிஃபெண்டர்களில் மூன்றே பேர்தான் வாங்கியிருக்கிறார்கள்: பெக்கன்பவர் 1972, 1976, சாமர் 1996, அப்புறம் கன்னவாரோ. நம்ம ஃபைனல் மேடையிலும் அதேதான். அதிக கோல் அடித்தவருக்குக் கோப்பை, நல்ல கீப்பருக்குக் கோப்பை, ஆட்ட நாயகனும் ஃபார்வர்ட். பேக் ஆடினவர்கள் கீழே நின்று கை தட்டினார்கள்.

நம்ம நாட்டு ஜர்னைல் சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவிலேயே பெரிய ஸ்டாப்பர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் தையல் போட்ட காயத்தோடு ஃபார்வர்டாக இறங்கி, தென்கொரியாவுக்கு எதிரான ஃபைனலில் கோல் அடித்தார், 2-1 என்று தங்கம் வந்தது. இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தக் கோலைத்தான் சொல்கிறோம். அவர் தடுத்த கோல்களை யாரும் சொல்வதில்லை.

"ஸ்டேட்டஸ்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பேசணுமா" என்பவர்களுக்கு எஸ்கோபார் பேரை நினைவுபடுத்துகிறேன். கொலம்பியா டிஃபெண்டர். 1994 ஜூன் 22, அமெரிக்காவுக்கு எதிராக ஒரு கிராஸைத் தடுக்கக் காலை நீட்டினார், சொந்த வலைக்குள் போனது. ஜூலை 2-ஆம் தேதி மெடலின் நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். வயசு 27. நம்ம ஊரில் அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் "காசு வாங்கிட்டான்" என்று ஆதாரமே இல்லாமல் எழுதினது எந்த வகையில் சேர்த்தி? அவன் அம்மா போனிலும் வாட்ஸ்அப் இருக்கிறது.

பேக் ஆடுகிற பையன் வாழ்க்கை ஏற்கனவே கஷ்டம். ஈர மைதானத்துக்கான நீள ஸ்டட் பூட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி இந்தக் கட்டாந்தரையில் ஆடுகிறார்கள். ஸ்டட் தரைக்குள் இறங்காமல் பாரமெல்லாம் குதிகாலிலும் கணுக்காலிலும் ஏறுகிறது. குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூதான் இங்கே சரி. முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கிற ஏசிஎல் என்கிற தசைநார் அறுந்தால் ஆபரேஷன் முடிந்து திரும்ப ஆட ஒன்பது மாசமாவது ஆகும். அதையெல்லாம் தாண்டி ரயில்வே, போலீஸ், பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போய் நின்றால் முதல் கேள்வி "எத்தனை கோல் அடிச்சிருக்கே?" ஃபார்வர்ட் ஒரு நிமிஷ வீடியோவில் தன்னைக் காட்டிவிடலாம். டேக்கிளே இல்லாமல், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று ஃபார்வர்டை அவன் ஆகாத காலுக்கு ஓட்டி, கோட்டுப் பக்கமே வைத்திருந்தான் என்பதை எந்த ஒரு நிமிஷ வீடியோ காட்டும்? இப்போது இவன் பேரில் ஊர் முழுக்கச் சுற்றுவது அந்த ஒரு துண்டுதான்.

அதனால் வெட்டினவர் அதை எடுத்துவிடுங்கள். முழு மேட்சையும் மேடைப் பக்கத்திலிருந்து எடுத்த அண்ணன் இந்தப் பதிவைப் பார்த்தால், தயவுசெய்து முழுசாக அந்தத் தம்பிக்கு அனுப்புங்கள். செலக்ஷனுக்கு வெட்டுகிறபோது டேக்கிளிலிருந்து தொடங்காதீர்கள். எதிர் டீம் பந்தை வாங்கினதிலிருந்து தொடங்கி, பின்வரிசை நாலு பேரும் தெரிகிற மாதிரி வையுங்கள். முதல் பாதியில் எதிர் ஃபார்வர்ட் ஆஃப்சைடில் மாட்டுகிற மாதிரி பின்வரிசையை அவன் மேலே ஏற்றின இரண்டு இடத்தையும் கட்டாயம் சேருங்கள். இந்தக் கோலையும் சேருங்கள், த்ரோவிலிருந்து.