கேம்ப்ஃபயருக்குப் போடுகிற ஆல்பம் இல்லை அது

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். டாக் டாக் என்கிற இங்கிலாந்து இசைக்குழுவின் ‘லாஃபிங் ஸ்டாக்’ ஆல்பத்தைப் பனிமூட்ட வீடியோவுக்கும் கேம்ப்ஃபயருக்கும் பின்னணியாகப் போடாதீர்கள். போன மாதம் ஒரு இடத்தில் சிக்கன் சுட்டுக்கொண்டே போட்டார்கள். அதிலிருக்கும் ‘அசென்ஷன் டே’ பாட்டு பாதித் தாளத்தில் சட்டென நின்றதும், “ப்ளூடூத் கட் ஆயிடுச்சு” என்று ஒருவர் எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தட்டினார். கட் ஆகவில்லை அண்ணே, அந்தப் பாட்டு முடிவதே அப்படித்தான்.

ஆட்டம் போட இதே குழுவின் 1984 பாட்டு ‘இட்ஸ் மை லைஃப்’ இருக்கிறது. நல்ல பாட்டு, குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சிந்த்பாப், அதாவது சிந்தசைசர் கீபோர்டை வைத்துச் செய்கிற பாப், வாசித்து ஹிட் கொடுத்தவர்கள், 1986-க்குப் பிறகு மேடையே ஏறவில்லை. 1988-இல் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ ஆல்பம். அப்புறம் அவர்கள் ஆல்பங்களை வெளியிட்டுவந்த இ.எம்.ஐ. இசை நிறுவனத்தோடு கோர்ட், வழக்கு. அதிலிருந்து விடுபட்டு வெர்வ் லேபிளில் 1991 செப்டம்பரில் கொண்டுவந்த கடைசி ஆல்பம்தான் இந்த ‘லாஃபிங் ஸ்டாக்’. ஆறே பாட்டு, சுமார் 43 நிமிடம்.

பலர் இதை ‘அமைதியான இசை’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘ஆஃப்டர் தி ஃப்ளட்’ நடுவில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அலறுகிற இடத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. இதில் இருக்கும் மௌனம் சும்மா வந்ததில்லை, உழைத்து உண்டாக்கியது. லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் கடிகாரத்தைக் கழற்றி, வெளிச்சத்தை மறைத்து, மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். சுமார் 50 பேர் வந்து வாசித்ததாகச் சொல்வார்கள். ஆல்பத்தில் மிஞ்சியது 18 பேர். குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் வாசிக்க வைத்ததைவிட அழித்ததுதான் அதிகம். எங்கள் ஊரில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுத் துளிர் வருவதற்காகத் தேயிலைக்குக் கவாத்து வெட்டுவார்கள். தோட்டமே குச்சி குச்சியாக நிற்கும். பார்க்கிற டூரிஸ்ட், யாரோ நாசம் பண்ணிவிட்டதாக நினைப்பார். இந்த ஆல்பத்தில் பாட்டே இல்லை என்பவர்களும் அந்த டூரிஸ்ட் கணக்குத்தான். ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிற நம் ஆட்களே இதற்குப் பத்து நிமிடத்தில் போனை எடுப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இன்னொன்று. இது மழைக்கான இசையும் இல்லை. முதல் பாட்டு ‘மர்மேன்’ தொடங்குவதே ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலில்தான். கால் நிமிடம் போல அது மட்டும்தான் கேட்கும். அப்புறம்தான் கிட்டார் வரும். ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது போட்டால் அதில் பாதி காதில் விழாது. கோத்தகிரியில் எங்களுக்கு அதே நிலைமை ஐப்பசி, கார்த்திகையில். ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரிதான் சரி. வானம் தெளிவாக, இலை ஆடாமல் இருக்கும். அப்போது ஹெட்போன் மாட்டிக் கேட்டால், ட்ரம்ஸிலிருந்து மைக்கை எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். குச்சி தோலில் படுவதும், அந்த அறை அதற்குப் பதில் சொல்வதும் தனித்தனியாகக் கேட்கும்.

ஹாலிஸ் 1998-இல் தன் பெயரில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். 2019-இல் இறந்தார். ‘திறமையை வீணாக்கிவிட்டார்’ என்று அப்போது சிலர் வருத்தப்பட்டார்கள். எதை வீணாக்கினார்? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துபோனவரை, இன்னும் நாலு சுமாரான ஆல்பம் போட்டிருக்கலாமே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

முதல்முறை கேட்பவர்கள் ஐந்தாவது பாட்டு ‘நியூ கிராஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள். ஒன்பதரை நிமிடத்துக்கு மேல், ட்ரம்ஸில் லீ ஹாரிஸ் அலட்டாமல் ஒரே நடையில் வாசித்துக்கொண்டே போவார். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். இதே ஆல்பத்தின் ‘டேப்ஹெட்’ பாட்டு எனக்கே இன்னும் பிடிபடவில்லை.