துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக ஓடலாமா?

"காட்டுக்குள் நடந்தே விலங்குகளைப் பார்க்கும் நடை சஃபாரியில் காவலர் துப்பாக்கியோடு வருவார், சிங்கம் பாய்ந்தால் சுட்டுவிடுவார், நாம் ஓடிவிட்டால் போதும்" என்று சிலர் நினைக்கிறார்கள். துப்பாக்கி இருப்பது உண்மை. மற்றதெல்லாம் தலைகீழ்.

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். வனவிலங்குப் பாதுகாவலர் நார்மன் கார் 1960களில் நடை சஃபாரியைப் பிரபலமாக்கிய பள்ளத்தாக்கு அது. அங்கே ஆயுதமேந்திய காவலர் முன்னால் போவார், அவருக்குப் பின்னால் வழிகாட்டி, அப்புறம் ஒற்றை வரிசையில் நாம். துப்பாக்கி கடைசிக் கட்டத்துக்குத்தான். அதை எடுக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதில்தான் வழிகாட்டியின் திறமை இருக்கிறது. சிறு பையில் இருக்கும் சாம்பலைத் தட்டிக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். யானைக்கு நம் வாடை போகாத பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போவார். நீர்யானை கரையேறி மேய்கிறது என்றால், அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் போய் நிற்கவே விடமாட்டார்.

சிங்கத்தின் முன் ஓடுவதுதான் ஆகப்பெரிய தவறு. ஓடினால் துரத்துவது அதன் இயல்பு. வழிகாட்டி சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும், பிறகு சேர்ந்தே மெல்லப் பின்வாங்க வேண்டும். அதே சமயம் சீறி வரும் ஒற்றை எருமைக்கு இது பொருந்தாது; அங்கே மரமோ கறையான் புற்றோதான் மறைவு. எது எப்போது என்பதை முடிவு செய்பவர் வழிகாட்டி, நாம் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் பல நாள் நடைக்கு ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் சேர்க்காததும், 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்காததும் இதனால்தான். குழந்தைகளோடு போகத் திட்டமிட்டால் ஜீப்பே சரி.