எகிப்தும் இல்லை, ஐயாயிரம் வருடமும் இல்லை

நேற்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. டாரட் சீட்டு பார்த்துப் பலன் சொல்கிறார்களாம். இருபது நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கட்டணத்தைப் பற்றி எனக்கொன்றுமில்லை, அவரவர் பாடு. கீழே "5000 ஆண்டு எகிப்திய ரகசியம்" என்று போட்டிருந்ததுதான் உறுத்துகிறது.

டாரட் பிறந்தது வட இத்தாலியில், 1440 வாக்கில். மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் பொழுதுபோக்க ஆடிய சீட்டாட்டம் அது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 56 சீட்டுகளோடு 22 படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். அதில் கோமாளியைத் தவிர மற்ற 21-ம் துருப்பு, அவ்வளவுதான். மரணம், பிசாசு என்று இன்று பார்த்துப் பயப்படுகிறோமே, எல்லாம் எதிராளியின் ராஜாவை வெட்ட வந்தவை! ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் இப்போதும் இதை ஆட்டமாக ஆடுகிறார்கள்.

சரி, எகிப்துக்குச் சம்பந்தமே இல்லையா? கொஞ்சம் உண்டு. சீட்டுக்கட்டு என்பதே 1370-களில் மம்லூக் சுல்தான்களின் எகிப்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் வலுவான கருத்து. அந்தக் கட்டில் கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு வகை. போலோ ஆடிப் பழகாத ஐரோப்பியர் மட்டையை வெறும் தடியாக்கிவிட்டார்கள். ஆனால் அது சுல்தான்களின் காலம். பிரமிடு கட்டியவர்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

டாரட்டைப் பிரமிடு காலத்தோடு முடிச்சுப் போட்ட கதையைக் கிளப்பியவர் பாரீஸில் இருந்த கூர் த ஜெபலென் என்ற எழுத்தாளர், 1781-இல். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியதே 1822-இல்தான். அதுவரை யார் என்ன சொன்னாலும் சரிபார்க்க ஆளில்லை. ஜெபலென் கிளப்பிவிட்ட நான்கே ஆண்டில் எத்தெய்யா என்பவர் டாரட்டில் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். நம் ஊர் கிளி ஜோசியக்காரர் எவ்வளவோ தேவலாம். எகிப்துக் கதையெல்லாம் விடுவதில்லை, கிளிக்கும் ஒரு நெல் கிடைக்கிறது.

எனக்கு இதில் பிடித்தமானவர் பமீலா கோல்மன் ஸ்மித். இன்று உலகம் முழுக்க விற்கும் கட்டின் 78 படங்களையும் 1909-இல் லண்டனில் வரைந்தவர். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ஐந்து வாள் என்றால் வெறும் ஐந்து வாள்தான் இருக்கும். இவர் பெரும்பாலானவற்றில் ஆட்களை நிறுத்தி ஒரு காட்சியாக்கினார். கிடைத்தது சொற்பத் தொகை. 1951-இல் கடனோடு இறந்தார். கட்டுக்கு வைத்த பெயரோ ரைடர்–வெய்ட். ரைடர் பதிப்பாளர், வெய்ட் வரையச் சொன்னவர். வரைந்தவளுக்குச் சீட்டின் மூலையில் பாம்புபோல வளைந்த ஒரு கையெழுத்து மட்டும்.

வாங்குவதென்றால் அவர் பெயரையும் சேர்த்து ஸ்மித்–வெய்ட் என்றே வரும் பதிப்பு இருக்கிறது, அதை வாங்குங்கள். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வருவதில் போலி அதிகம். கையேடு இல்லாமல் ஒரு க்யூ-ஆர் கோடு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். குறி கேட்கப் போனாலும் போங்கள், மனம்விட்டுப் பேச ஒருவர் கிடைத்தால் நல்லதுதான். "தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம்" என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், கட்டு கைக்கு வந்ததும் ஒன்பது வாள் சீட்டை எடுத்துப் பாருங்கள். நடுராத்திரியில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓர் ஆள். வீட்டுக்கடன் தவணை தவறிய மாதம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.