'கண்டுபிடி' என்று கேட்டால் அது கே-1 ஆம்!

முந்தாநாள் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். கேள்விகளைச் சரிபார்க்கும் கமிட்டியிடமிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்த, கணினிக் கட்டமைப்புப் பாடத்துக்கான என் கேள்வித்தாள். கீழே பாதிப் பேர் சிரித்திருந்தீர்கள், பாதிப் பேர் அறிவுரை சொல்லியிருந்தீர்கள். அறிவுரை சொன்னவர்களுக்காகத்தான் இது.

கேள்வி இதுதான். ஐந்து கட்ட பைப்லைன், அதாவது ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடும் ப்ராசஸர். லோடு, ஆட், சப், ஸ்டோர் என்று நாலு கட்டளைகள், ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் விடைக்காகக் கையேந்தி நிற்கிறது. ஃபார்வர்டிங் (விடை ரெஜிஸ்டருக்குப் போய்ச் சேரும் முன்பே அடுத்த கட்டளைக்கு நேராகக் கொடுப்பது) இருந்தால் எத்தனை சைக்கிள், இல்லாவிட்டால் எத்தனை, கண்டுபிடி. விடை 9, 14. (ரெஜிஸ்டரில் முதல் பாதி சைக்கிளில் எழுதி மறுபாதியில் படிக்கலாம் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தேன், கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு சண்டைக்கு வராதீர்கள்.) மெமரியிலிருந்து எண்ணைக் கொண்டுவரும் லோடுக்குப் பின்னால் வரும் ஆட், ஃபார்வர்டிங் வைத்தாலும் ஒரு சைக்கிள் சும்மா நின்றே ஆக வேண்டும். அந்த ஒரு சைக்கிளைப் பிடித்த பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கமிட்டியின் குறிப்பு: "'ஃபைண்ட்' என்பது கே-1 வினைச்சொல். இந்த சி.ஓ.வுக்குக் கே-4 தேவை." (ப்ளூம் வகைப்பாட்டில் கே-1 என்றால் வெறும் ஞாபகம், கே-4 என்றால் பகுப்பாய்வு. சி.ஓ. என்பது பாடத்தின் முடிவில் மாணவன் எட்ட வேண்டிய கற்றல் இலக்கு.)

பக்கத்து செக்‌ஷனில் 'அனலைஸ்' என்று தொடங்கி, ஹஸார்டுகளின் (பைப்லைனில் வரும் இடைஞ்சல்களின்) வகைகளைப் படத்துடன் கேட்ட கேள்வி ஒரு கீறல் இல்லாமல் பாஸ். அதற்கு விடை நோட்ஸில் மூன்று பக்கம் அப்படியே இருக்கிறது. மனப்பாடம் செய்து இறக்கி வைத்தால் 13 மார்க். ஆனால் அது கே-4. யோசித்துப் போட வேண்டிய கணக்கு கே-1. வினைச்சொல்லைப் பார்க்கிறார்கள், கேள்வியைப் பார்ப்பதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

"ப்ளூம் தெரியாமல் பேசாதீர்கள்" என்றார் ஒருவர். தெரியும் ஐயா. இந்தக் கே-படிகளுக்கெல்லாம் மூலம், 1956-இல் வந்த அவர் புத்தகம். கல்லூரித் தேர்வு நடத்துகிறவர்கள் ஒருவர் கேள்வியை இன்னொருவர் புரிந்து பயன்படுத்திக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டுமென்றுதான் அந்த வேலையே ஆரம்பித்தது. கேள்வி மாணவனின் மூளையில் என்ன வேலை வாங்குகிறது என்பதுதான் அங்கே பேச்சு. அதை நாம் இருபது வினைச்சொல் கொண்ட ஜெராக்ஸ் தாளாக்கி ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

"அப்படியானால் சொல்லை மட்டும் மாற்றியிருக்கலாமே?" மாற்றினேன். 'அனலைஸ்' என்று போட்டு அனுப்பினேன். அப்போதுதான் உண்மை வந்தது: "மேடம், இது மாதிரி முன்னால் கேட்டதில்லை, பசங்க போட மாட்டாங்க, அட்டெயின்மென்ட் விழுந்துரும்." (அதாவது, பிள்ளைகள் இலக்கை எவ்வளவு எட்டினார்கள் என்று மார்க்கை வைத்துப் போடும் எண்.) சரி, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், பாவம் அந்த வினைச்சொல் என்ன பண்ணியது?

பொறியியல் படிப்புகளின் தர அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டை இழுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014-இல் இந்தியா அதில் நிரந்தர உறுப்பினரானதும், நம் பட்டத்துக்கு வெளியே மதிப்பு வேண்டுமென்றால் மாணவன் என்ன கற்றான் என்று காட்டியாக வேண்டும் என்பதும் நியாயம்தான். நானும் அதைத்தானே கேட்கிறேன்? என்ன கற்றான் என்று காட்டச் சொன்னால் அட்டெயின்மென்ட் போட்ட எக்செல் ஷீட்டைக் காட்டுகிறோம்.

போன செமஸ்டரில் ஒரு பெண். லேபில் இரண்டு பரிமாண அரே ஒன்றைக் கூட்டச் சொன்னேன், முதலில் வரிசை வரிசையாக, பிறகு லூப்பை மாற்றிப் போட்டு நெட்டுவாக்கில். விடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது பல மடங்கு மெதுவாக ஓடியது. "மேம், லேப்டாப் சூடாயிடுச்சு போல" என்றாள். ஆற விட்டு மறுபடி ஓட்டினாள், அதேதான். பலகையில் 64 பைட் கேஷ் லைன் ஒன்றை (ப்ராசஸர் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான நினைவகமான கேஷ், மெமரியிலிருந்து ஒரே தடவையில் இழுத்துவரும் துண்டு) வரைந்து, வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நாலு பைட் எண்கள் எத்தனை அடங்கும் என்று கேட்டேன். பதினாறு என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்போ நெட்டுவாக்குல போனா ஒண்ணுக்காகப் பதினாறையும் இழுத்துட்டு வந்து, மீதிய தூக்கிப் போட்டுடுது, அப்படித்தானே மேம்?" அந்த முகத்தை ஷீட்டின் எந்தக் கட்டத்தில், எந்த சி.ஓ.வுக்கு நேரே எழுதுவது? இன்டர்னலில் அவள் மார்க் சுமார்தான். ஷீட்டைப் பொறுத்தவரை அவளுக்குக் கேஷ் வராது.

"எல்லா வாத்தியாரும் உங்களை மாதிரி இருக்க மாட்டாங்க, அதுக்குத்தான் விதி" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாராட்டா குத்தலா தெரியவில்லை. 14 வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு அட்டெயின்மென்ட் 2.4 ஏன் 2.5 ஆகவில்லை என்று விளக்கம் எழுதியிருக்கிறேன். உன் பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது என்று ஒருவர், ஒரே ஒருவர், இதுவரை கேட்டதில்லை. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இதைப் படித்துவிட்டும் "ரூல்னா ரூல்தானே" என்று வருவீர்களே, உங்கள் மேல்தான்.

திருத்திய தாள் நேற்றே போய்விட்டது. "பைப்லைன் ஹஸார்டுகளின் வகைகளைத் தெளிவான படத்துடன் பகுப்பாய்க." கே-4. 13 மார்க். கமிட்டித் தலைவர் பச்சை மையில் 'குட்' என்று எழுதியிருக்கிறார்.