டெட்ராய்ட் வென்றது அதிர்ஷ்டத்தால் அல்ல

அமெரிக்காவின் தொழில்முறைப் பாஸ்கட்போல் லீக்கான என்பிஏயின் 2004 இறுதித் தொடரில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை வென்றது. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் பொடியன்கள் சிலர் "லேக்கர்ஸுக்கு அந்த வருசம் நேரம் சரியில்லை" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மட்டக்களப்பில் பாஸ்கட்போல் பழகுகிற பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தொடரை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

லேக்கர்ஸ் பக்கம் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட். கூடவே, சம்பியன் பட்டம் ஒன்றாவது கிடைக்காதா என்று வந்து சேர்ந்த கார்ல் மலோனும் கேரி பேட்டனும். டெட்ராய்ட் பிஸ்டன்ஸில் அப்படிப் பெரிய பெயர்கள் இல்லை. பென் வாலஸை 1996இல், புதிய வீரர்களை அணிகள் தெரிவு செய்யும் டிராஃப்டில், எந்த அணியும் எடுக்கவில்லை. சான்சி பில்லப்ஸ் அணி அணியாகக் கைமாறி வந்தவர். கடைசியில் 4-1 என்று பிஸ்டன்ஸ் வென்றது, தொடரின் சிறந்த வீரர் அந்த பில்லப்ஸ்தான்.

முதல் ஆட்டத்தையே எடுங்கள். ஓ'நீல் 34 புள்ளி, கோபி 25. லேக்கர்ஸ் மொத்தம் எடுத்ததோ 75. மற்ற எல்லாரும் சேர்ந்து 16! ஓ'நீலிடம் பந்து போனால் இரண்டு பேர் ஓடிப்போய் மறிப்பதுதான் வழக்கம். பிஸ்டன்ஸ் பயிற்றுநர் லாரி பிரவுன் பெரும்பாலும் ஒருவரையே விட்டார். ஓ'நீல் போடுவதைப் போடட்டும், மற்ற நாலு பேருக்கும் ஒரு ஷொட்கூடச் சும்மா கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் அதற்கு!

இரண்டாவது ஆட்டத்தில் கோபி கடைசி நொடிகளில் ஒரு மூன்று புள்ளி போட்டு மேலதிக நேரத்துக்கு இழுத்தார், லேக்கர்ஸ் வென்றது. வேறு அணி என்றால் அதோடு மனம் விட்டிருக்கும். மூன்றாவது ஆட்டத்தை பிஸ்டன்ஸ் 88-68 என்று வென்றது. அதில் பந்தை விட்டுவிட்டு, கோபியை மறித்த பிஸ்டன்ஸ் வீரர் டேஷான் பிரின்ஸின் கால்களைப் பாருங்கள். கோபி எந்தப் பக்கம் வெட்டித் திரும்பினாலும் ஓரடி முன்னால் அவர் நிற்கிறார், அப்புறம் அந்த நீண்ட கை எழும்புகிறது. கோபி 13 தடவை எறிந்து 4 தான் விழுந்தது.

மலோனுக்கு முழங்கால் காயம், சரி. அதை வைத்து லேக்கர்ஸ் வெறும் 68 புள்ளி எடுத்ததற்குக் கணக்குக் காட்ட முடியாது.

நம் ஊரில் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். வெபர் மைதானம் என்று நாம் வாய்க்கு வாய் சொல்வது ஃபாதர் வெபரின் பெயரைத்தான். ஆனால் இன்றைக்குப் பாடசாலை ஆட்டங்களில் மூன்று புள்ளி போடுகிற பிள்ளைக்கு மட்டும்தான் விசிலும் கைதட்டும். எதிரணியின் நல்ல ஷூட்டரை முழு ஆட்டமும் மறித்துக் களைத்துப்போய் வருகிற பொடியனிடம் வீட்டில் கேட்பது, "நீ எத்தனை புள்ளி?"

பென் வாலஸ் கடைசி ஆட்டத்தில் 22 ரீபவுண்ட் எடுத்தார், அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பிய பந்தை 22 தடவை கைப்பற்றினார். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அடுத்த சுற்றுப்போட்டியில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வையுங்கள். அதற்கான காசை நான் தருகிறேன்.