மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னதும் வைத்தியம்தான்

ஹெர்னியா (வயித்துத் தசை ஓட்டை வழியா குடல் வெளியே தள்ளுற குடலிறக்கம்) ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போன ஒரு பையன் போட்ட ஆடியோவை இந்நேரம் எல்லாரும் கேட்டிருப்பீங்க. "அப்பா வயித்துல ஒரு ஓட்டை. அதைத் தைக்க மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுகாவ. இதுல ஹெர்னியாவுக்குன்னு தனி போர்டு வேற. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லலாம்லா." கீழே நூறு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்காங்க. சிலர் அந்த சர்ஜனோட பேரையும் போட்டு வசவு. நான் ஆஸ்பத்திரி பேரை எழுதப் போறதில்லை.

மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னது அலட்சியம் இல்ல. அதுவும் வைத்தியம்தான்.

விஷயம் அந்த ஆடியோவுக்குள்ளேயே இருக்கு. அப்பாவுக்கு முன்னாடி அல்சர் வெடிச்சு அவசரமா வயித்தைத் திறந்திருக்காங்க. இப்போ வீக்கம் அந்தத் தழும்புல. மூணு மாசச் சராசரி சுகர் (HbA1c) பத்துக்கு மேல. பீடி உண்டு, இருமலும் உண்டு. இவ்வளவையும் பையனே சொல்றார். சொல்லிட்டு, "சின்ன ஆபரேஷன்தானே" ங்கிறார்.

சின்ன ஆபரேஷன்னு நீங்க நினைக்கிறது தொடை இடுக்குல வர்ற குடலிறக்கம். அதுவே அவ்வளவு சின்னது இல்ல. திறந்து செய்தா ஏறக்குறைய 7.5க்கு 15 சென்டிமீட்டர் வலை (மெஷ்) வைக்கணும். அதோட உள்பக்க மூலை இடுப்பெலும்பு முனையைத் தாண்டி ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் படியணும். அங்கே கஞ்சத்தனம் பண்ணினா அந்த மூலை வழியாவே திரும்ப இறங்கும். மூணு நரம்பு அந்தப் பாதையில ஓடுது. ஒண்ணு தையல்ல மாட்டினா மாசக்கணக்கா எரிச்சல், வலி. துளை போட்டுச் செய்றதுன்னா 10க்கு 15 வலை, தசைக்குப் பின்னால. இந்தக் கை பழக 50 முதல் 100 ஆபரேஷன் வேணும், அதிலும் முதல் 30 முதல் 50 வரைதான் ரொம்பக் கவனம்னு 2018ல வந்த சர்வதேச வழிகாட்டி சொல்லுது. ஹெர்னியாவுக்குன்னு தனி போர்டு, தனி சென்டர் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஒரே வேலையை ஒரே ஆளுங்க திரும்பத் திரும்பச் செய்யத்தான்.

தழும்பு ஹெர்னியா இதைவிடப் பெரிய வேலை. ஓட்டையை ரெண்டு பக்கமும் இழுத்துத் தைச்சா போதும்னா நம்ம தையல்கடை அண்ணனே போதும். வயித்துத் தசை ரெண்டும் பக்கவாட்டுல விலகிப் போயிருக்கும். முதல்ல சி.டி. ஸ்கேன் எடுத்து அகலம் அளக்கணும். தசைக்குப் பின்னால இடம் பிரிச்சு, ஓட்டையின் விளிம்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டராவது படுற மாதிரி வலை விரிச்சு, அதுக்கு மேல தசையை நடுவுக்குக் கொண்டுவரணும். அகலம் 10 சென்டிமீட்டரைத் தாண்டிட்டா பக்கத்துத் தசையை அடுக்கடுக்கா பிரிச்சு விட வேண்டிவரலாம். சில இடங்கள்ல நாலு வாரம் முன்னாடியே அந்தத் தசையில போடாக்ஸ் ஊசி போட்டுத் தளர வைக்கிறாங்க. ஆமா, நடிகைங்க முகத்துல போடுற அதே மருந்துதான், சிரிச்சுக்கோங்க.

இவ்வளவு பெரிய காயத்தை சுகர் பத்துல திறந்தா என்ன ஆகும்? சீழ் பிடிக்க வாய்ப்பு ஜாஸ்தி. மேல்தோல்ல நின்னா தப்பிச்சோம். வலை வரைக்கும் போனா வலையையே எடுக்க வேண்டிவரலாம். அது முதல் ஆபரேஷனைவிட மோசம், எடுத்த பிறகு ஓட்டையும் பழையபடி. பீடி சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும், வெட்டின தோல் விளிம்புக்கு ரத்தம் சரியாப் போகாது. ஒவ்வொரு இருமலும் தையலை உள்ளிருந்து இழுக்கும். அதனாலதான் பீடியை நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தச் சொல்றாங்க, சுகரை எட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்றாங்க. அந்தச் சராசரி இறங்கவே ரெண்டு மூணு மாசம் ஆகும். மூணு மாசங்கிற கணக்கு அங்கிருந்து வந்ததுதான், சர்ஜனுக்கு லீவு வேணும்னு இல்ல.

"காசு பிடுங்கத்தான் இதெல்லாம்" னு ஒருத்தர். காசு பிடுங்க நினைச்சா அன்னைக்கே அட்மிட் போட்டிருப்பாங்களே!

"மெஷ் வச்சா ஆபத்து, அமெரிக்காவுல கேஸ் நடக்குது" ங்கிறீங்க. நடக்குது. மெஷ் இல்லாம செய்ற முறையும் இருக்கு, புனேயில டாக்டர் தேசார்தா சொன்னது ஒண்ணு. அது இடுக்கு ஹெர்னியாவுக்கு. இந்த வயித்துக்கு அது பொருந்தாது.

"ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனா உடனே செய்வாங்க." போய்ப் பாருங்க. சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அங்கேயும் இதையேதான் சொல்வாங்க.

நியாயமான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த மூணு மாசத்துக்குள்ள குடல் மாட்டிக்கிட்டா? மாட்டலாம். வாய் அகலமான ஓட்டையில வாய்ப்பு குறைவு, குறுகின வாய்ன்னா ஜாஸ்தி. படுத்தா உள்ளே போற வீக்கம் போகாம கல்லு மாதிரி ஆகுது, வலி விடாம இருக்கு, வாந்தி, காத்து பிரியல, மேல தோல் சிவக்குது. இதுல எது வந்தாலும் அப்போ சுகராவது பீடியாவது, அந்த நிமிஷமே கிளம்பணும். அமுக்கித் தள்ளக்கூடாது, ஒத்தடம் கொடுக்கக்கூடாது, சாப்பாடு தண்ணி எதுவும் கூடாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுற ஒரு அண்ணன். இடுக்கு ஹெர்னியா, வலி உண்டு, சீக்கிரம் செய்யணும்னு சொல்லியாச்சு. "பெல்ட் போட்டா நிக்குதுல்லா" ன்னு வருஷக்கணக்கா ஓட்டினார். ஒருநாள் ராத்திரி மாட்டிக்கிச்சு. விடியிற வரை வீட்டுல எண்ணெய் தடவியிருக்காங்க. திறந்தா குடல் கறுப்பு. ஒரு சாண் வெட்டி எடுத்து இணைச்சாங்க, கிருமி பயத்துல வலை வைக்க முடியல. அவருக்கு உடனே வாங்கன்னாங்க, கேக்கல. ஆடியோவுல வர்ற அப்பாவுக்குப் பொறுங்கன்னாங்க, அதையும் கேக்கல. ரெண்டுலயும் திட்டு வாங்குறது சர்ஜன்.

1922ல எவரெஸ்ட் பயணம் முடிஞ்சு நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்த இங்கிலாந்து சர்ஜன் சாமர்வெல், நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துட்டு பிறகு இங்கேயே சர்ஜனா வேலைக்கு வந்தார். அவரைப் பத்தி மேடைக்கு மேடை பெருமை பேசுற குமரி மாவட்டம் இது. இன்னைக்கு அவர் இருந்து, பீடியை விட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா அவருக்கும் ஒரு ஆடியோ போட்டிருப்போம்.

சரி, கோபம் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் இல்ல. முதல்ல அந்த வயித்தை மூடினது யாரு? நடுவயித்துக் காயத்தை 5 மில்லிமீட்டர் இடைவெளியில சின்னச் சின்னத் தையலா மூடினவங்கள்ல, ஒரு வருஷத்துல ஹெர்னியா 13 சதவீதம். பெரிய தையல்ல 21 சதவீதம். 2015ல நெதர்லாந்து ஆய்வு இது. அது திட்டமிட்டுச் செய்த ஆபரேஷன்கள்ல பார்த்த கணக்கு, அவசரக் கேஸுக்கு அப்படியே பொருந்தாதுன்னு டாக்டர் நண்பர்கள் வரிஞ்சு கட்டிட்டு வருவீங்க, தெரியும். ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு, கடைசி இருபது நிமிஷம் மூடுறதை யார்கிட்ட விட்டுட்டுப் போறீங்கன்னு உங்களுக்கும் தெரியும்.

அப்புறம் இந்த "மூணு மாசம் கழிச்சு வாங்க". வாயால சொல்லி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டா அது விரட்டி விட்ட மாதிரிதான் கேக்கும். சுகர் எவ்வளவுக்கு வரணும், பீடி எந்தத் தேதிக்குள்ள, இருமலுக்கு யாரைப் பார்க்கணும், பெல்ட் எப்போ போடணும், எது வந்தா ராத்திரியே ஓடி வரணும், எந்த நம்பருக்குக் கூப்பிடணும். தமிழ்ல ஒரு தாள். ஃபைல் போட்டு ஸ்கேன் பில் கொடுக்கத் தெரிஞ்ச சென்டருக்கு இது முடியாதா?