'ஆட்சேபனை இல்லை' என்று எழுதி அனுப்பிய கப்பல்

1870 செப்டம்பர் 7, நள்ளிரவு தாண்டிய நேரம். ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் கடும் காற்று. பீரங்கிகளுக்குப் பொறுப்பான கன்னர் ஜேம்ஸ் மே தூக்கம் கலைந்து எழுகிறார். கப்பலின் ஆட்டம் அவருக்குச் சரியாகப் படவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்க டரெட்டுக்குள், அதாவது பீரங்கிகள் இருக்கும் சுழலும் கவசக் கூண்டுக்குள் போய், பீரங்கிகளின் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவே இல்லை. டரெட்டின் கூரையில் குறிபார்க்க விட்டிருந்த துளை வழியாகத்தான் அவர் வெளியே வந்தார்.

எச்.எம்.எஸ். கேப்டன் என்ற அந்த பிரிட்டிஷ் இரும்புக் கவசப் போர்க்கப்பலில் பிழைத்தவர்கள் 18 பேர். இறந்தவர்கள் 470க்கும் மேல். கப்பல் சேவைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இதைப் பற்றிப் பேசுகிற பலரும் பழியை, கப்பலை வடிவமைத்த கடற்படை அதிகாரி கௌப்பர் கோல்ஸ் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரிமியப் போரில் தெப்பத்தின் மேல் பீரங்கி ஏற்றிச் சண்டை போட்டவர் அவர். சுழலும் கவச டரெட் என்ற அவருடைய யோசனையின் வழியில்தான் பிறகு வந்த பல போர்க்கப்பல்கள் போயின. அவர் தவறியது வேறு இடத்தில்: தண்ணீரை ஒட்டிய தாழ்ந்த உடம்பின் மேல் முழுப் பாய்மரங்களையும் நிறுத்தினார்.

இது எவ்வளவு ஆபத்து என்று என் பையனுக்குக் காட்ட, மூடி போட்ட டிபன் பாக்ஸில் மணல் போட்டு வாளியில் மிதக்கவிட்டேன். மணல் குறைவாக இருந்தபோது பக்கச் சுவர் தண்ணீருக்கு மேல் உயரமாக நின்றது; சாய்த்தால் திரும்பி நின்றது. மணல் கூடக் கூட அந்தச் சுவர் குட்டையாகிக்கொண்டே போனது. பக்கச் சுவர் உயரமாக இருந்தால், சாயும் பக்கம் தண்ணீருக்குள் இறங்க இறங்கத் தண்ணீர் அதைத் திருப்பித் தள்ளும். சுவர் குட்டையாக இருந்தால் அந்தத் தள்ளல் சீக்கிரமே தீர்ந்துவிடும். கேப்டன் கப்பலுக்கு 14 டிகிரி சாய்ந்தாலே தளத்தின் விளிம்பு தண்ணீரில் இறங்கிவிடும். 21 டிகிரியில் நிமிரும் பலம் உச்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு குறையத் தொடங்கும். கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் உருவாக்கிய மோனார்க், அதே காலத்து டரெட் கப்பல்தான். அதன் பலம் 40 டிகிரி வரை ஏறிக்கொண்டே போகும்.

ரீட் ஆரம்பத்திலிருந்தே எச்சரித்தார். கோல்ஸுக்குப் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் துணை நின்றதால் அட்மிரால்டி என்ற கடற்படைத் தலைமையகம் இறங்கிவந்து, பர்க்கன்ஹெட்டில் கப்பல் கட்டும் லேர்ட் கம்பெனியிடம் கட்டிக்கொள்ளச் சொன்னது. வரைபடம் வந்தபோது 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுத ரீடுக்கு மனமில்லை. 'ஆட்சேபனை இல்லை' என்ற பாணியில் பதில் போனது. பொறுப்பு கோல்ஸையும் லேர்டையும் சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டார்கள். என் கோபமெல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான். ஆபத்து தெரிந்தவர்கள் கையைக் கழுவிக்கொள்ள ஒரு வாசகம் தேடியிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். வேலை நடந்த காலத்தில் பெரும்பகுதி கோல்ஸ் உடம்பு சரியில்லாமல் இருந்தார். எடை ஏறிக்கொண்டே போனது. தண்ணீருக்கு மேல் 8 அடி இருக்க வேண்டிய பக்க உயரம் ஆறரை அடியாகிவிட்டது. 1870 ஜூலை 29-ல் போர்ட்ஸ்மத்தில், கப்பலைக் கொஞ்சம் சாய்த்து அதன் நிமிரும் பலத்தைக் கணக்கிடும் சாய்வுச் சோதனை நடத்தினார்கள். அதன் கணக்கு கைக்கு வந்தபோது கப்பல் கடலில் இருந்தது.

செப்டம்பர் 6 மாலை கப்பல் அணியின் தளபதி அட்மிரல் மில்ன் கப்பலைப் பார்க்க வந்தார். தளத்தின் மேல் தண்ணீர் புரண்டு ஓடுவதைப் பார்த்து மனசு ஒப்பாமல் தன் கப்பலுக்குத் திரும்பினார். அன்று இரவு கோல்ஸும் உள்ளேதான் இருந்தார். கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகன், மிட்ஷிப்மேன் என்ற பயிற்சி அதிகாரி, அவனும் இருந்தான். கப்பலை நடத்திய பர்கோய்ன் கவிழ்ந்து மிதந்த ஒரு படகின் மேல் தொற்றிக்கொண்டிருந்தார். மே அதிலிருந்து அடுத்த படகுக்குத் தாவிவிட்டார், பர்கோய்ன் தாவவில்லை. பிழைத்தவர்கள் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்கள்.

அந்த மே உள்ளிட்ட, உயிர் தப்பியவர்களை நிறுத்தித்தான் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. கப்பல் பொதுக்கருத்துக்குப் பணிந்து கட்டப்பட்டது என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: கப்பல் சுமார் இரண்டு அடி கூடுதலாக அமிழ்ந்திருப்பதும் அதனால் வரும் ஆபத்தும் தெரிந்திருந்தால், அதைக் கப்பலை நடத்தியவருக்குச் சொல்லாமல் விட்டதற்கு ஆழ்ந்து வருந்துகிறோம் என்று. பர்கோய்னுக்கு அந்தக் கணக்கை யாரும் காட்டவே இல்லை.